காடும் ஈரநிலமும் சேர்ந்த காப்பகத்துக்குப் போகிறவர்களுக்கு: கிளம்புவது முதல் திரும்புவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சேற்றுத் திட்டில் உள்ளான் கூட்டம் ஒன்று இரை பொறுக்கிக்கொண்டிருக்கிறது. படம் எடுக்க ஒருவர் பத்தடி முன்னே போகிறார். முதலில் ஒரு தலை நிமிர்கிறது. பிறகு நாலைந்து. அலகுகள் சேற்றிலிருந்து வெளியே வந்து, கூட்டம் முழுவதும் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறது. அவர் இன்னும் ஒரு எட்டு வைக்கிறார். திட்டு காலி.

இதைப் பல நீர்க்கரைகளில் பார்த்துவிட்டேன். பறந்துபோனது படம் மட்டுமாக இருந்தால் வருத்தமில்லை. அந்தப் பறவைகள் வலசைக்காகக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருந்தன. பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று 2022இல் அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை 13,560 கி.மீ. தூரத்தை, எங்கும் இறங்காமல், 11 நாட்களில் பறந்து கடந்தது. அப்படிப் பறக்கும் உயிருக்குச் சேற்றில் கிடைக்கும் ஒவ்வொரு புழுவும் எரிபொருள். நாம் ஒருமுறை எழுப்பிவிட்டால் தின்னும் நேரமும் போகிறது, சேர்த்ததில் கொஞ்சமும் எரிகிறது.

ஆகவே முதன்முறை போகிறவர்கள் கேட்டால் நான் கொடுக்கும் அளவுகோல் ஒன்றே: நீங்கள் வந்ததால் எந்தத் தலையும் நிமிரக் கூடாது. அந்த உயிர் தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தால்தான் நீங்களும் எதையாவது உருப்படியாகப் பார்க்க முடியும். தேதி குறிப்பது, சட்டை எடுப்பது, கரையில் எந்தப் பக்கம் நிற்பது என்று கீழே வரும் படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

படி 1: போகும் இடம் எப்படிப்பட்டது என்று படித்துக்கொள்ளுங்கள்

ஈரநிலம் என்றதும் ஏரியும் குளமும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானில், காஸ்பியன் கடலோர ஊரான ராம்சாரில் கையெழுத்தான உடன்படிக்கை இதற்கு மிக விரிவான பொருள் கொடுத்தது. சதுப்பு, கரிச்சதுப்பு, ஆறு, கழிமுகம், அலையாத்திக் காடு, கடல்நீர் வடியும் வற்றத்தின்போது 6 மீட்டருக்கு மேல் ஆழமில்லாத கடற்பகுதி எல்லாமே அதில் அடங்கும். அந்த உடன்படிக்கையின் பட்டியலில் முதலில் ஏறியது ஆஸ்திரேலியாவின் கோபர்க் தீபகற்பம், 1974இல். இன்று அந்தப் பட்டியலில் 2,400க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன.

எந்த வகை என்று தெரிந்தால்தான் எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்று புரியும். கரிச்சதுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஸ்பேக்னம் பாசி மெத்தை போல் விரிந்திருக்கும், மிதித்தால் அமுங்கும். அதன் கீழே மக்காத தாவரக் கரி ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில் சேர்கிறது. ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சேர ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள். அங்கே பாதை விட்டு இறங்கி வைத்த ஒரு காலடியின் தடம் பல ஆண்டுகள் அழியாமல் கிடக்கும். அலையாத்திக் காட்டிலோ சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சுவேர்கள். காற்றில்லாத சேற்றில் புதைந்த வேர்களுக்கு அவைதான் மூக்கு. அவற்றை ஒடித்துக்கொண்டு நடப்பவர்கள் குச்சி என்று நினைத்துத்தான் நடக்கிறார்கள்.

அடுத்து, பாதுகாப்பு எந்த அளவில் இருக்கிறது என்று பாருங்கள். பல காப்பகங்கள் மையப்பகுதி, அதைச் சுற்றிய இடைப்பகுதி, மக்கள் வாழும் வெளிப்பகுதி என்று பிரிக்கப்பட்டிருக்கும். இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஐயுசிஎன்னின் வகைப்பாட்டில் ஒன்றாம் வகையின் முதல் பிரிவு, ஆய்வாளர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பெரும்பாலும் மூடியே கிடக்கும் இடங்களுக்கானது. ஆறாம் வகை, உள்ளூர் மக்கள் அளவோடு வளங்களைப் பயன்படுத்தும் இடங்களுக்கானது. போலந்தின் பியாவோவியெஜா காட்டில் கடும் பாதுகாப்புப் பகுதிக்குள் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் நுழைய முடியாது. மூடிய பகுதி இருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். திறந்திருக்கும் கரையில் நீங்கள் பார்க்கும் குஞ்சுகள் அந்த மூடிய பகுதியில்தான் பொரிந்திருக்கும்.

படி 2: தண்ணீரைப் பார்த்துத் தேதி குறியுங்கள்

விடுமுறை எப்போது என்று பார்த்துத்தான் எல்லோரும் தேதி குறிக்கிறார்கள். ஈரநிலத்துக்கு அது சரிப்படாது. அங்கே நாள்காட்டியை எழுதுவது தண்ணீர்.

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ கழிமுகத்தைப் பாருங்கள். அங்கோலா மேட்டுநிலத்தில் பெய்த மழை மெல்ல நகர்ந்து வந்துசேரச் சில மாதங்கள் ஆகின்றன. அதனால் அந்தப் பகுதியில் மழையே இல்லாத ஜூன் முதல் ஆகஸ்ட் வரையில் வெள்ளம் உச்சத்தில் இருக்கும். சுற்றுவட்டாரம் காய்ந்து கிடக்க, விலங்குகள் எல்லாம் அந்தத் தண்ணீரைத் தேடி வரும். பிரேசிலின் பான்டனாலில் கணக்கு நேர்மாறு: வெள்ளம் வடிந்த வறண்ட மாதங்களில்தான் எஞ்சிய குட்டைகளில் மீன்கள் அடைபட்டுக் கிடக்கும், நாரைகளும் கெய்மன் முதலைகளும் அங்கே குவியும். ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸிலும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட காலம்தான் பார்ப்பதற்கு ஏற்றது. கொசுக்கடியும் அப்போது குறைவு. இந்தியாவின் கேவலாதேவில் வலசை வாத்துகளைப் பார்க்கக் குளிர்காலம் வேண்டும்; கொக்கு, நாரைகளின் கூடுகளைப் பார்க்க மழைக்காலமும் அதை ஒட்டிய மாதங்களும் வேண்டும். ஒரே இடம், இரண்டு பருவங்கள், இரண்டு வேறு காட்சிகள்.

எனவே, “என்ன பார்க்கலாம்?” என்று கேட்பதற்கு முன்னால் மூன்று விஷயங்களைக் காப்பக அலுவலகத்திடம் விசாரியுங்கள். இப்போது நீர்மட்டம் எப்படி இருக்கிறது? கூடுகட்டும் காலமா, வலசைக் காலமா? எந்தப் பாதைகள் மூடியிருக்கின்றன? இனப்பெருக்கக் காலத்தில் முழுக் காப்பகத்தையும் மூடிவிடும் இடங்களும் உண்டு. பயணச்சீட்டு எடுத்த பிறகு இது தெரியவந்தால் பயனில்லை.

கடலோர ஈரநிலம் என்றால் ஓதக் கணக்கு, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரம், தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நாளுக்கு நாள் ஏற்ற நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. வற்றத்தின்போது சேற்றுவெளி கிலோமீட்டர் கணக்கில் விரிந்து, பறவைகள் கண்ணுக்கெட்டாத தூரத்தில் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். தண்ணீர் ஏற ஏற அவை கரையை நோக்கித் தள்ளப்படும். உச்ச ஏற்றத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போய், கரையில் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். நீங்கள் நெருங்க வேண்டியதே இல்லை. தண்ணீரே அவற்றை உங்கள் பக்கம் கொண்டுவரும். ஆனால் ஏற்றத்தின் உச்சத்தில் அவை ஓய்வெடுக்கும் திட்டின் பக்கம் மட்டும் போகாதீர்கள். அந்த நேரத்தில் அவற்றுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

நாளின் நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விடிவதற்கு அரைமணி முன்பு வாசலில் இருங்கள், அல்லது மாலை கடைசி இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சிவெயிலில் காடு தூங்கும். நீர்மேல் கானல் அலைவதால் எவ்வளவு நல்ல இருகண்நோக்கி (பைனாகுலர்) வைத்திருந்தாலும் உருவம் நெளியும்.

படி 3: அனுமதியும் வழிகாட்டியும்

நுழைவு அனுமதி, வாகன அனுமதி, கேமரா அனுமதி, படகு இருக்கை ஆகியவை பல இடங்களில் தனித்தனி. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைத்திருக்கும் இடங்களில் வாரக்கணக்கில் முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும். அனுமதிச் சீட்டையும் அடையாள அட்டையையும் தாளில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காட்டு வாசலில் கைப்பேசிக்கு வலை கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

வழிகாட்டி கட்டாயமில்லாத இடத்திலும் முதல் நாள் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள் என்பேன். உள்ளூரில் பிறந்து அந்தத் தண்ணீரோடு வளர்ந்தவர் நாணல் அசைவதைப் பார்த்தே காற்றா, தாழைக்கோழியா, நீர்நாயா என்று சொல்லிவிடுவார். சில இடங்களில் இது உயிர்ப் பிரச்சினையும்கூட. நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் கரையோரமாக விரிந்திருக்கும் வாடன் கடலில் வற்றத்தின்போது சேற்றுவெளியில் நடந்து போகிறார்கள். ஏற்றம் திரும்பும்போது தண்ணீர் முன்னாலிருந்து மட்டும் வராது. முதுகுப்பக்கம் உள்ள ஓடைகள் முதலில் நிரம்பிப் பாதையைத் துண்டித்துவிடும். தனியாகப் போனவருக்கு அது தெரியவரும்போது நேரம் கடந்திருக்கும்.

வழிகாட்டியிடம் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுங்கள்: “எனக்காக எதையும் நெருங்க வேண்டாம். தூரத்திலிருந்து பார்த்தாலே போதும்.” வந்தவர் மனம் கோணக் கூடாதே என்றுதான் பலர் வண்டியையும் படகையும் அருகே கொண்டுபோகிறார்கள். அந்தக் கட்டாயத்தை நீங்களே எடுத்துவிட்டால் அவருக்கும் நிம்மதி.

படி 4: உடையும் பையும், அவற்றைவிட முக்கியமாகக் காலணியும்

உடை மங்கலான நிறத்தில், முழுக்கை, முழுக்கால். ராணுவப் புள்ளி உடைகள் தேவையில்லை. சில நாடுகளில் பொதுமக்கள் அதை அணிவதே சட்டவிரோதம். மான்களின் கண் ஆரஞ்சையும் சிவப்பையும் பச்சையிலிருந்து சரியாகப் பிரித்தறியாது, ஆனால் நீலத்தை நன்றாகப் பார்க்கும். பறவைகளோ நாம் காணாத புற ஊதா வரை பார்க்கக்கூடியவை. ஆகவே நீலமும் பளீர் வெள்ளையும் வேண்டாம். ஆப்பிரிக்காவில், கடித்து நோய் பரப்பும் செட்சி ஈ உள்ள பகுதிக்குப் போனால் நீலத்தைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஈயை நீல நிறம் ஈர்க்கும். நிறத்தைவிடத் துணியின் சத்தத்தைக் கவனியுங்கள். நடக்கும்போது சரசரக்கும் மழைச்சட்டை உங்கள் வருகையை ஊருக்கே அறிவித்துவிடும்.

இருகண்நோக்கி வாங்குவதாக இருந்தால் 8×42 போதும். எட்டு என்பது பெருக்கம். 42 என்பது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வரும் 5.25 மில்லிமீட்டர்தான் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம். விடியலிலும் மரநிழலிலும் அந்த அகலம் கைகொடுக்கும். பத்து, பன்னிரண்டு மடங்கு என்று போனால் கைநடுக்கமும் அதே அளவு பெரிதாகும். பயன்படுத்தும்போது பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவையை மறுபடி தேட வேண்டியிருக்கும்.

பையில் தண்ணீர், தொப்பி, மழையுறை, சிறு மருந்துப்பை, விசில், குறிப்பேடு, பென்சில் (நனைந்தாலும் எழுதும்), முன்பே இறக்கிவைத்த வரைபடம், குப்பைக்கு ஒரு தனிப் பை. கொசு விரட்டியில் டீட் என்ற வேதிப்பொருள் இருந்தால் அது பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அரிக்கும். பூசிய கையைத் துடைத்துவிட்டுக் கருவியைத் தொடுங்கள். அதே கையால் தவளையைத் தொடவே கூடாது, நீரில் அலம்பவும் கூடாது. தவளை தோலாலும் மூச்சுவிடுவது.

இப்போது காலணி. இதை ஒரு சடங்காகவே செய்யுங்கள். போன வாரம் வேறொரு சதுப்பில் நடந்த காலணியின் அடிப்பள்ளத்தில் உலர்ந்த சேறு இருக்கும். அதற்குள் அயல் களையின் விதை இருக்கலாம், நத்தை முட்டை இருக்கலாம், கைட்ரிட் பூஞ்சையின் வித்தும் இருக்கலாம். உலகெங்கும் 500க்கும் மேற்பட்ட தவளை, தேரை, சாலமாண்டர் இனங்களின் எண்ணிக்கை சரிந்ததற்கு இந்தப் பூஞ்சைதான் காரணம் என்று 2019இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. வேறெந்த நோயும் முதுகெலும்புள்ள உயிர்களில் இவ்வளவு இழப்பை ஏற்படுத்தியதாகப் பதிவில்லை. ஆகவே பழைய பல்துலக்கியால் பள்ளம் பள்ளமாகச் சுரண்டி, நன்றாகக் கழுவி, முழுவதும் காயவைத்து எடுத்துப்போங்கள். காலுறையிலும் கால்சட்டை மடிப்பிலும் ஒட்டிய விதைகளை வீட்டிலேயே பிடுங்கிக் குப்பையில் போடுங்கள். வாசலில் கிருமிநாசினித் தொட்டியோ தேய்ப்பானோ வைத்திருந்தால் தாண்டிப் போகாமல் பயன்படுத்துங்கள்.

படி 5: வாசலில் பத்து நிமிடம்

அறிவிப்புப் பலகையை முழுவதும் படியுங்கள். பணியில் இருக்கும் காவலரிடம், “இன்று எந்தப் பக்கம் தொந்தரவு செய்யக் கூடாது?” என்று கேளுங்கள். எங்கே என்ன தெரியும் என்று எல்லோரும் கேட்பார்கள். இப்படிக் கேட்பவர் அபூர்வம். நான் கேட்ட இடங்களில் எல்லாம் காவலர்கள் மனம் திறந்து பேசியிருக்கிறார்கள், கேட்காததையும் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எந்தப் பாதை என்று பதிவேட்டில் எழுதுங்கள். கைப்பேசியை ஒலியில்லாமல் வையுங்கள். அதிர்வு ஓசையும் வேண்டாம்.

படி 6: நடை, நிற்றல், காத்திருத்தல்

இந்தக் கட்டுரையின் உயிர்நாடி இந்தப் படிதான். நேரம் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

காட்டுக்குள் முதல் நூறடி நடந்ததும் நின்றுவிடுங்கள். ஐந்து நிமிடம் அசையாதீர்கள். நீங்கள் நுழைந்தபோது அடங்கிய ஓசைகள் ஒவ்வொன்றாகத் திரும்பும்: முதலில் பூச்சிகள், பிறகு சிறு குருவிகள், கடைசியில் தரையில் சருகு கிளறும் ஓசை. அவை திரும்பிய பிறகு கிளம்புங்கள். பத்தடி, நிற்றல், மறுபடி பத்தடி. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆனால் சரியான வேகத்தில் போகிறீர்கள் என்று பொருள்.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். பாலூட்டிகளுக்கு உங்கள் வாசனை உங்களுக்கு முன்னே போய்ச் சேரும். காற்று முகத்தில் படும்படி நடந்தால் அவை வழக்கம்போல் இருக்கும். நீர்க்கரையில் வெயிலைக் கணக்கிடுங்கள்: காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள், மாலையில் மேற்குக் கரையில் நின்று கிழக்கே. வெயில் முதுகில் இருந்தால் நாமக்கோழியின் கறுப்புக்கும் நீர்க்காகத்தின் கறுப்புக்கும் உள்ள வேறுபாடுகூடத் தெரியும். எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கரிக்கோடு.

மேட்டு விளிம்பில், திறந்த வானத்துக்கு எதிரே நிற்காதீர்கள். இரண்டு கால் உயிரின் அந்த உருவம்தான் பறவைகளை அதிகம் மிரட்டுகிறது. மரத்தை முதுகுக்குக் கொடுத்து நில்லுங்கள், அல்லது உட்காருங்கள். கையை நீட்டிச் சுட்டிக்காட்டும் பழக்கத்தை விடுங்கள். “பட்டமரம், வலப்பக்கம், இரண்டாவது கிளை” என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

எவ்வளவு தூரம் சரி? அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் கரடி, ஓநாயிடமிருந்து 91 மீட்டர், மற்ற விலங்குகளிடமிருந்து 23 மீட்டர் என்று விதி இருக்கிறது. நீங்கள் போகும் காப்பகத்தில் எண் குறிப்பிட்டிருந்தால் அதுவே குறைந்தபட்சம். எண் இல்லாத இடத்தில் அந்த உயிரைக் கேளுங்கள். மேய்வதை நிறுத்துவது, தலை நிமிர்வது, காது உங்கள் பக்கம் திரும்புவது, வாலை வெடுக்கென்று ஆட்டுவது, நாரை கழுத்தை நீட்டி ஒல்லியாவது, முதலை மெல்லத் தண்ணீருக்குள் சரிவது எல்லாமே ஒரே சொல்லின் வெவ்வேறு உச்சரிப்பு: போதும். அப்போது நின்றால் மட்டும் போதாது. இரண்டடி பின்வாங்குங்கள். பெரும்பாலும் அது மறுபடி குனிந்து மேயத் தொடங்கும். அந்த இடம்தான் உங்கள் எல்லை. ஒரு கல்லோ வேரோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடுகளின் அருகே இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. கூட்டமாகக் கூடுகட்டும் நாரைகள் ஒரேயடியாக எழுந்தால், வெறிச்சோடிய கூட்டின் மேல் வெயில் நேரே இறங்கும். முட்டை சூடேறச் சில நிமிடங்கள் போதும். முட்டையைக் களவாடக் காகங்களுக்கு அந்த நேரம்கூட வேண்டாம். தரையில் முட்டையிடும் ஆட்காட்டி உங்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினாலோ, உப்புக்கொத்தி சிறகொடிந்ததுபோல் நடித்து முன்னே ஓடினாலோ, முட்டை உங்கள் காலடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தேடாதீர்கள். வந்த தடத்திலேயே திரும்புங்கள். தனியாக உட்கார்ந்திருக்கும் குஞ்சைக் கைவிடப்பட்டது என்று எண்ணித் தூக்கிவர வேண்டாம். தாய் நீங்கள் போவதற்காகத்தான் காத்திருக்கும்.

மறைவிடமோ கண்காணிப்புக் கோபுரமோ இருந்தால் அங்கே குறைந்தது ஒரு மணி நேரம் கொடுங்கள். ஜன்னலுக்கு வெளியே கையையோ வில்லையையோ நீட்டாதீர்கள். கதவை மெல்ல மூடுங்கள். ஒருமுறை அப்படியொரு மறைவிடத்தில் இரண்டு மணி நேரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடன் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். அதன் பிறகு எதிர்க்கரை கோரையிலிருந்து முக்குளிப்பான் ஒன்று வெளியே வந்தது, கோடு போட்ட மூன்று குஞ்சுகளை முதுகில் சுமந்துகொண்டு. அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. எங்கள் பேச்சு ஓயக் காத்திருந்திருக்கிறது.

படி 7: படகில்

உயிர்காப்பு உடுப்பை மடியில் வைக்காமல் மாட்டி வார்களை இறுக்குங்கள். ஏதாவது தெரிந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் சாய வேண்டாம். இயந்திரப் படகு என்றால் நாணல் ஓரம் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். முக்குளிப்பான், மீசை ஆலா போன்றவை மிதக்கும் கூடு கட்டுபவை. ஒரு பெரிய அலை போதும், முட்டை உருண்டுவிடும். துடுப்புப் படகு கிடைத்தால் அதையே எடுங்கள். மெதுவாகப் போவது அதன் நிறை.

படி 8: படமும் ஒலியும்

கேமராவின் மின்னல் விளக்கு (ஃபிளாஷ்) அறவே வேண்டாம். பதிவுசெய்த பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்க வேண்டாம்; தன் எல்லைக்குள் போட்டி ஆண் நுழைந்துவிட்டதென்று நம்பி அது கூட்டை விட்டு, இரையை விட்டு, இல்லாத எதிரியைத் தேடி அலையும். ட்ரோன் பெரும்பாலான காப்பகங்களில் தடை. பறவைகளின் கண்ணுக்கு அது மேலே வட்டமிடும் கழுகுதான்.

இரை போட்டு ஈர்ப்பதும் இதே வகைத் தவறு. மனிதக் கை என்றால் உணவு என்று கற்றுக்கொண்ட குரங்கோ முதலையோ பிறகு மனிதரைத் தேடி வரும். அதன் முடிவு பெரும்பாலும் அந்த விலங்கின் சாவு.

படி 9: ஆபத்துகளை அளவோடு அஞ்சுங்கள்

முதலை வாழும் நீர் என்றால் குனிந்து கை கழுவுவது, விளிம்பில் உட்காருவது, தினமும் ஒரே இடத்தில் நீர் அள்ளுவது எதுவும் கூடாது. வட ஆஸ்திரேலியாவில் நீர்விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். நீர்யானை மேயும் இடத்தில் அதற்கும் தண்ணீருக்கும் நடுவே போகாதீர்கள். அதற்குத் தப்பும் வழி தண்ணீர்தான்.

பாம்புக்கு உங்கள் மேல் எந்த ஆசையும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையையோ காலையோ வைக்காமல் இருந்தாலே பெரும்பாலான கடிகளைத் தவிர்த்துவிடலாம். கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், வளையல்களைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நடக்க விடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாம்பைப் பிடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை.

அட்டை கடித்தால் பதற்றம் வேண்டாம். நகத்தை அதன் வாய்ப்பக்கம் தோலோடு ஒட்டிச் செலுத்திப் பிடியை விடுவியுங்கள். உப்புப் போடுவதும் சூடு வைப்பதும் அதைக் கடிவாய்க்குள் கக்க வைக்கலாம். உண்ணி வேறு மாதிரி: நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், திருகாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். உண்ணி பரப்பும் லைம் நோய் போன்றவற்றில் அது உடலில் எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தது என்பது முக்கியம். அன்றிரவே முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள்.

சேற்றில் கால் புதைந்தால் ஒற்றைக் காலில் அழுத்தி மற்றதை இழுக்கும் முயற்சி இரண்டையும் ஆழமாக்கும். பின்னால் சாய்ந்து உட்காருங்கள், எடையைப் பரப்புங்கள், காலைச் சிறிது சிறிதாக ஆட்டி நீர் உள்ளே இறங்க வழிவிட்டு எடுங்கள். இடி கேட்டால் மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். 30 விநாடிக்குக் குறைவென்றால் மின்னல் 10 கி.மீ. தூரத்துக்குள் இருக்கிறது, படகிலிருந்தும் திறந்த நீர்வெளியிலிருந்தும் உடனே வெளியேறி, கடைசி இடிக்குப் பிறகு அரைமணி கழித்தே திரும்புங்கள். வழி தப்பினால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். விசிலை மும்மூன்று முறையாக ஊதுங்கள். மூன்று என்பது உதவி கேட்கும் குறி என்று காவலர்களுக்குத் தெரியும்.

சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தால் நீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போங்கள். சோப்பு, ஷாம்பு எதையும் நீரில் கரைக்காதீர்கள், மூலிகை என்று எழுதியிருந்தாலும்.

குழந்தைகளோடு போகிறவர்கள் தூரத்தைக் குறையுங்கள், நேரத்தைக் குறையுங்கள். பெரிய விலங்கைக் காட்டுவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். தட்டான் இணைவதும், சிலந்தி வலையில் பனி கோத்திருப்பதும், சேற்று நண்டு ஒற்றைக் கொடுக்கை ஆட்டுவதும் அவர்களுக்குப் புலியைவிடக் குறைந்தவை அல்ல. நண்டு வளைக்குள் போய்விட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள் என்று சொல்லிப்பாருங்கள். வெளியே வரும் நண்டைக் கண்டவுடன் அந்தப் பிள்ளைகளுக்கு இந்த வழிகாட்டியின் ஆறாம் படி முழுவதும் பிடிபட்டுவிடும்.

படி 10: திரும்பிய பிறகு

பதிவேட்டில் வெளியேறிய நேரத்தை எழுதுங்கள். இல்லாவிட்டால் உங்களைத் தேடி இருட்டில் ஆள் போக நேரலாம். நாணலில் சிக்கிய தூண்டில் நரம்பு, காயம்பட்ட பறவை, மிதக்கும் செத்த மீன் என்று கண்டவற்றைக் காவலரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பறவைகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் தொடாதீர்கள், உடனே தெரிவியுங்கள்.

பார்த்ததை எழுதிவையுங்கள்: தேதி, மணி, வானிலை, நீர்மட்டம், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தன. இபேர்டு, ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் பதிந்தால் ஆய்வாளர்களுக்குப் பயன்படும். அழியும் நிலையில் உள்ள இனங்களின் சரியான இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மறைத்துக் காட்டுகிறது. நீங்கள் சமூக ஊடகத்தில் போடும் படத்துக்கு அந்தக் காவல் இல்லை. ஆந்தைக் கூடு, அரிய ஆர்க்கிட், கூட்டுக்குத் திரும்பும் பாதை தெரியும் படம் எதையும் இடப்பெயரோடு போடாதீர்கள். அடுத்த வாரமே அங்கே ஐம்பது பேர் நிற்பார்கள். அவர்களில் ஒருவர் கண்ணியோடும் வரலாம்.

காலணியை மறுபடி சுரண்டிக் கழுவிக் காயவையுங்கள். இங்கிருந்து எடுத்துப்போகும் சேறும் அடுத்த இடத்துக்கு அயல்தான்.

பிறகு குறிப்பேட்டில் நீங்கள் நின்ற இடத்தை, அந்தக் கல்லையோ வேரையோ, குறித்துவையுங்கள். நாலு மாதம் கழித்து அதே மணிக்கு அங்கேயே போய் உட்காருங்கள். உள்ளான் மேய்ந்த சேற்றுத் திட்டின்மேல் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அல்லது திட்டு வெடித்துக் காய்ந்து, அதன் நடுவே ஆட்காட்டி ஒன்று அடைகாத்துக்கொண்டிருக்கும். உங்கள் எல்லையை அன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.